ஊசி போடாமல் வாங்கிய சான்றிதழோடு உம்ராவா?



ஹஜ்ஜுக்கும் உம்ராவுக்கும் புறப்படுவோருக்காக நம் ஊர்களில் நடத்தப்படும் விளக்க வகுப்புகள் பாராட்டுக்குரியவை. இஹ்ராம் கட்டும் முறை, தல்பியா, தவாஃப், ஸஃயு, மினாவில் தங்குதல், ஜம்ராத்தில் கல்லெறிதல் என ஒவ்வொன்றையும் ஆலிம் பெருமக்கள் பொறுமையோடு கற்பிக்கின்றனர். எந்த அமல் தவறினால் என்ன பரிகாரம் என்பதும் நுணுக்கமாக விளக்கப்படுகிறது. அதே வகுப்பில் தடுப்பூசியைப் பற்றியும் உடல்நலத்தைப் பற்றியும் எவ்வளவு நேரம் பேசப்படுகிறது? வகுப்பு முடிந்து தேநீர் வழங்கும் வேளையில், "ஊசி போடாதவர்கள் போட்டுக்கொள்ளுங்கள்" என்று ஓர் அறிவிப்பு. பெரும்பாலும் அத்துடன் முடிந்துவிடுகிறது.

இதைச் சிறிய குறையென்று நாம் விட்டுவிட முடியாது. ஹஜ் கமிட்டி வழியாகச் செல்வோருக்கு அரசு முகாம் நடத்தி ஊசி போடுகிறது. மருத்துவச் சோதனையும் நடக்கிறது. ஆனால் ஆண்டு முழுவதும், குறிப்பாக ரமளானிலும் பள்ளி விடுமுறையிலும், குடும்பம் குடும்பமாக உம்ராவுக்குச் செல்வோரின் நிலை வேறு. அவர்களுக்கும் மூளைக்காய்ச்சல் தடுப்பூசி வேண்டுமென்பது சவூதி அரசின் விதி. விதி இருந்தாலும், விமான நிலையத்தில் ஒவ்வொரு முறையும் ஒவ்வொருவரிடமும் சான்றைக் கேட்பதில்லை. இந்த இடைவெளியில்தான் தவறுகள் நுழைகின்றன. ஊசி போடாமலேயே செல்வோர் ஒரு வகையினர். ஊசி போடாமலேயே, போட்டதாக முத்திரை குத்திய சான்றிதழை வாங்கிக்கொண்டு செல்வோர் இன்னொரு வகையினர். "அலைய வேண்டாம், அட்டையை நாங்களே ஏற்பாடு செய்கிறோம்" என்று சொல்லும் சில டிராவல்ஸ்காரர்களும், அதைச் சலுகையாக எண்ணி நன்றி சொல்லும் பயணிகளும் நம்மிடையே இருக்கிறார்கள் என்பதை மறைத்துப் பயனில்லை.

நம் வாதம் இதுதான்: தடுப்பூசி விசாவுக்கான சடங்கு என்ற எண்ணத்தை நாம் கைவிட வேண்டும். அது ஹுகூகுல் இபாத். தவாஃபில் நம் தோளோடு தோள் உரசி நடப்பவருக்கும், நாம் திரும்பி வரும்போது வாசலில் ஓடிவந்து கட்டிக்கொள்ளும் பேரக் குழந்தைக்கும் நாம் செலுத்த வேண்டிய கடமை. அக்கடமையைத் தட்டிக்கழித்துவிட்டுச் செய்யும் பயணத்தில், இறைவனுக்கான கடமையை மட்டும் முழுமையாக நிறைவேற்றிவிட்டோம் என்று எப்படி நிம்மதி கொள்ள முடியும்?

சான்றிதழ் ஒரு சாட்சியம்

பயணம் புறப்படுமுன் நாம் என்ன செய்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். கடனை அடைக்கிறோம். வஸிய்யத் எழுதுகிறோம். உறவினர் வீடுகளுக்கெல்லாம் சென்று, "ஏதேனும் தவறு செய்திருந்தால் மன்னித்துவிடுங்கள்" என்று கேட்கிறோம். பேசாதிருந்த சம்பந்தி வீட்டுக்குக்கூடப் போய் சலாம் சொல்லிவிட்டு வருகிறோம். பயணச் செலவில் ஒரு ரூபாயும் ஹராமாக இருந்துவிடக் கூடாது என்று கணக்குப் பார்க்கிறோம். எல்லாம் மிகச் சரியானவை. இவ்வளவு பேணுதலுக்குப் பிறகு, கைப்பையில் பாஸ்போர்ட்டோடு சேர்த்து ஒரு பொய்யையும் எடுத்து வைத்துக்கொள்வது எப்படிச் சரியாகும்?

இன்ன தேதியில் இன்னாருக்கு இந்த ஊசி போடப்பட்டது என்று எழுதப்பட்ட தாள் ஒரு சாட்சியம். ஊசி போடாமல் அதைக் கொடுத்தவர் பொய்ச்சாட்சி சொன்னவர். பணம் கொடுத்துப் பெற்றவர் அதில் பங்காளி. பெரும்பாவங்களை எண்ணிச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், பொய்ச்சாட்சியத்தைச் சொல்லும்போது சாய்ந்திருந்த நிலையிலிருந்து நிமிர்ந்து அமர்ந்து, அதைத் திரும்பத் திரும்பச் சொன்னார்கள் என்று புகாரியிலும் முஸ்லிமிலும் பதிவாகியுள்ளது. இந்த ஹதீஸை நீதிமன்றக் கூண்டோடு மட்டும் பொருத்திவிட்டு, டிராவல்ஸ் அலுவலக மேசையில் மறந்துவிடுகிறோம்.

லட்சக்கணக்கில் செலவிட்டுப் புறப்படுகிறோம். ஹரமுக்கு அருகிலுள்ள விடுதி வேண்டுமென்று கூடுதல் பணம் கட்டுகிறோம். திரும்பும்போது பேரீச்சம்பழம், அத்தர், முஸல்லா என்று பெட்டி நிறைய வாங்குகிறோம். ஊசிக்கான சில ஆயிரம் ரூபாயில்தான் நமக்குச் சிக்கனம் நினைவுக்கு வருகிறது.

இந்த விதி எப்படி வந்தது?

"சவூதிக்காரர்கள் ஏதோ காகிதம் கேட்கிறார்கள்" என்று அலட்சியமாகப் பேசுவோர், அந்த விதியின் வரலாற்றை அறிந்துகொள்ள வேண்டும். 1865ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது காலரா பரவி, ஏறத்தாழ 15,000 ஹாஜிகள் உயிரிழந்ததாகக் கணக்கிடப்பட்டது. திரும்பிச் சென்றோரோடு அந்நோய் எகிப்துக்கும் ஐரோப்பாவுக்கும் சென்றது. அதன் பிறகு செங்கடலில் கமரான் தீவு போன்ற இடங்களில் பயணிகள் நாள்கணக்கில் தடுத்து வைக்கப்பட்டார்கள். இந்தியாவிலிருந்து கப்பலில் சென்ற நம் முன்னோர் பலர் அந்தத் தீவின் வெயிலில் காத்துக் கிடந்தவர்களே. இன்று ஓர் ஊசியோடு முடிந்துவிடும் காரியத்திற்கு அவர்கள் கொடுத்த விலை அது.

1987ஆம் ஆண்டு ஹஜ்ஜின்போது மெனிஞ்சைட்டிஸ் எனப்படும் மூளைக்காய்ச்சல், அதாவது மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கும் நோய், பெரிய அளவில் பரவியது. அக்கிருமியில் பல வகைகள் உண்டு; அப்போது பரவியது ஏ வகை. அதன் பிறகுதான் ஹாஜிகளுக்கு இந்தத் தடுப்பூசி கட்டாயமாக்கப்பட்டது. 2000, 2001 ஆண்டுகளில் டபிள்யூ135 என்னும் வேறொரு வகை பரவியது. அன்று பெரும்பாலோர் போட்டிருந்த ஊசி ஏ, சி என்னும் இரு வகைகளுக்கு மட்டுமே உரியது என்பதால் புதிய வகையை அது தடுக்கவில்லை. நோயுற்றவர்களில் ஹாஜிகள் மட்டுமல்லாமல், ஹஜ்ஜுக்கே போகாத அவர்களின் வீட்டாரும் இருந்தார்கள். இதைத் தொடர்ந்து 2002 முதல் ஏ, சி, ஒய், டபிள்யூ135 ஆகிய நான்கு வகைகளுக்கும் எதிரான ஊசி கட்டாயமானது.

இது பழைய கதை என்று எண்ணுவோருக்கு அண்மைச் செய்தி ஒன்றும் உண்டு. 2024 ஏப்ரல், மே மாதங்களில் அமெரிக்கா, பிரான்ஸ், பிரிட்டன் ஆகிய நாடுகளில் உம்ராப் பயணத்தோடு தொடர்புடைய 12 பேருக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. அவர்களில் 10 பேர் சவூதிக்குச் சென்று வந்தவர்கள். மற்ற 2 பேர் சென்று வந்தவர்களோடு நெருங்கிப் பழகியவர்கள். தடுப்பூசி விவரம் தெரிந்த 9 பேரில் ஒருவர்கூட ஊசி போட்டிருக்கவில்லை. ஹஜ்ஜுக்கு இருக்கும் கண்டிப்பு உம்ராவுக்கு இல்லாததன் விளைவு இது.

நோயின் தன்மையையும் சொல்லிவிட வேண்டும். கடும் காய்ச்சல், தாங்க முடியாத தலைவலி, கழுத்து விறைப்பு, வாந்தி, வெளிச்சத்தைக் காணக் கூச்சம், உடலில் செந்நீலப் புள்ளிகள் ஆகியவை இதன் அறிகுறிகள். ஒரே நாளில் உயிரைப் பறிக்கக் கூடியது. சிகிச்சை கிடைத்தாலும் நூற்றில் பத்து முதல் பதினைந்து பேர் இறக்கின்றனர். பிழைத்தவர்களில் ஐந்தில் ஒருவருக்குக் காது கேளாமை, மூளைப் பாதிப்பு, கை கால் இழப்பு போன்ற நிரந்தரக் குறை ஏற்படுகிறது. மூச்சிலும் எச்சிலிலும் பரவும் இக்கிருமிக்கு நெருக்கமான கூட்டமே உகந்த இடம். மதாஃபையும் மினாக் கூடாரங்களையும் விட நெருக்கமான கூட்டம் உலகில் எங்கிருக்கிறது?

தவக்குலின் பெயரால்

"அல்லாஹ்வின் வீட்டுக்குப் போகிறோம், அவன் பார்த்துக்கொள்வான்" என்பது அடிக்கடி கேட்கும் பதில். ஈமானின் வார்த்தை போல ஒலிப்பதால் இதை மறுக்கப் பலர் தயங்குகிறார்கள். நாம் தயங்க வேண்டியதில்லை, ஏனெனில் குர்ஆனே இதை மறுத்துள்ளது.

யமன் நாட்டினர் சிலர் பயணத்துக்கான உணவு எதையும் எடுத்துக்கொள்ளாமல் ஹஜ்ஜுக்கு வருவார்கள். நாங்கள் அல்லாஹ்வையே சார்ந்திருப்பவர்கள் என்று சொல்லிக்கொள்வார்கள். மக்கா வந்து சேர்ந்ததும் மற்றவர்களிடம் கையேந்துவார்கள். இவர்கள் விஷயத்தில்தான், பயணத்துக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளுமாறு கட்டளையிட்டு, அவற்றில் சிறந்தது இறையச்சமே என்றும் உணர்த்தும் 2:197 வசனம் அருளப்பட்டது என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விளக்கியதை இமாம் புகாரி பதிவு செய்துள்ளார்கள்.

இந்த நிகழ்வை ஊன்றிக் கவனியுங்கள். அந்த யமன்வாசிகள் பிறர் பொருளைத் திருடவில்லை. பிறரை நோயாளியாக்கவும் இல்லை. தம் ஏற்பாட்டைச் செய்யாமல் வந்து பிறர் மீது சுமையை ஏற்றினார்கள். அதையே இறைவன் ஏற்கவில்லை. ஊசி போடாமல் சென்று, காய்ச்சலில் விழுந்து, குழுவினர் பத்துப் பேரின் இபாதத்தை மருத்துவமனை வராந்தாவில் கழிக்க வைப்பவரின் தவக்குல் எந்த வகையைச் சேர்ந்தது?

ஷாம் நாட்டை நோக்கிச் சென்ற உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்ஃ என்னும் இடத்தில் கேள்விப்பட்டுத் திரும்ப முடிவெடுத்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டா ஓடுகிறீர்கள் என்று அபூஉபைதா (ரலி) அவர்கள் கேட்டார்கள். ஆம், அல்லாஹ்வின் ஒரு விதியிலிருந்து அவனுடைய மற்றொரு விதியை நோக்கியே செல்கிறோம் என்ற பொருளில் உமர் (ரலி) பதிலளித்தார்கள். கொள்ளைநோய் உள்ள ஊருக்குள் செல்ல வேண்டாம், நீங்கள் இருக்கும் ஊரில் அது வந்துவிட்டால் அங்கிருந்து வெளியேறவும் வேண்டாம் என்ற நபிமொழியை அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்கள் எடுத்துச் சொன்னபோது, அம்முடிவு உறுதிப்பட்டது. நோய் பிறருக்குப் பரவும், அதைத் தடுப்பது மனிதரின் பொறுப்பு என்பதை இந்தச் சமுதாயத்துக்கு அன்றே கற்றுக்கொடுத்துவிட்டார்கள். ஒட்டகத்தைக் கட்டும் ஹதீஸை மேடைதோறும் சொல்லும் நாம், நம் ஒட்டகத்தை மட்டும் அவிழ்த்தே விடுகிறோம்.

ஹலாலா என்னும் ஐயம்

"இந்த ஊசியில் ஹராமான பொருள் கலந்திருக்கிறதாமே" என்ற ஐயத்தை நாம் ஏளனம் செய்யமாட்டோம். உண்பதிலும் உடலில் ஏற்றுவதிலும் ஹலாலைத் தேடுவது முஃமினின் இயல்பு. ஆனால் ஐயம் வந்தவர் கேட்டுத் தெளிய வேண்டும். வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவைக் காரணம் காட்டி ஒதுங்கிவிடுவது தெளிவாகாது. 2017 பிப்ரவரியில் தமிழகத்தில் தட்டம்மை, ரூபெல்லா தடுப்பூசி முகாம் நடந்தபோது, அத்தகைய பதிவுகளை நம்பி எத்தனை பெற்றோர் தம் பிள்ளைகளைத் தடுத்தார்கள் என்பது நமக்குத் தெரியும்.

இந்தோனேசிய முஸ்லிம்கள் இதே ஐயத்தை எப்படி அணுகினார்கள் என்று பாருங்கள். உலகிலேயே அதிக ஹாஜிகளை அனுப்பும் அந்நாட்டின் உலமா சபை, மூளைக்காய்ச்சல் தடுப்பூசிகளின் தயாரிப்பு முறையைத் தனித்தனியே ஆராய்ந்தது. தயாரிப்பில் பன்றி சார்ந்த பொருளின் தொடர்பு இருந்ததால் ஒரு நிறுவனத்தின் ஊசியை 2010இல் ஹராம் என்று அறிவித்தது. அதே தீர்ப்பில் வேறு இரு நிறுவனங்களின் ஊசிகளை ஹலால் என்று அறிவித்தது. அந்நாட்டு ஹாஜிகள் ஹலாலான ஊசிக்கு மாறினார்கள். ஹஜ்ஜையும் விடவில்லை, ஊசியையும் விடவில்லை. ஐயத்தைத் தேடலாக மாற்றிய சமுதாயம் அது. நாமோ ஐயத்தைச் சாக்காக மாற்றிக்கொள்கிறோம். நம் உலமா பெருமக்களும் முஸ்லிம் மருத்துவர்களும் ஒன்றாக அமர்ந்து, இங்கே கிடைக்கும் ஊசிகளின் விவரத்தை நிறுவனங்களிடம் கேட்டு, தெளிவான வழிகாட்டல் ஒன்றை எழுத்தில் வெளியிட என்ன தடை?

"எனக்கு ஒன்றும் ஆகவில்லையே"

"மூன்று முறை உம்ரா போய்வந்தேன், ஊசி போட்டதில்லை, ஒன்றும் ஆகவில்லை" என்பவர்கள் ஓர் உண்மையை அறிய வேண்டும். இந்தக் கிருமி எந்த நோயும் காட்டாமல் நல்ல உடல்நலத்தோடு இருப்பவரின் தொண்டையில் வாரக்கணக்கில், சில வேளை மாதக்கணக்கில் தங்கியிருக்கும். அவருக்கு ஒன்றும் ஆகாது. அவர் முத்தமிடும் கைக்குழந்தைக்கு ஆகலாம். 2001ஆம் ஆண்டு ஹஜ் முடித்துச் சிங்கப்பூருக்குத் திரும்பியவர்களைச் சோதித்த மருத்துவர்கள், ஊசி போட்டிருந்த ஹாஜிகளின் தொண்டையிலும் இக்கிருமி தங்கியிருந்ததையும், வீட்டிலிருந்தவர்களுக்கும் அது தொற்றியிருந்ததையும் கண்டறிந்தார்கள்.

அப்படியானால் ஊசி போட்டும் பயனில்லையே என்று கேட்கலாம். இந்த ஊசியில் இரு வகை உண்டு. பாலிசாக்கரைடு என்னும் பழைய வகை, போட்டுக்கொண்டவரை நோயிலிருந்து காக்கும். ஆனால் கிருமி தொண்டையில் தங்குவதைத் தடுக்காது. சிங்கப்பூர் ஹாஜிகள் அன்று போட்டிருந்தது அவ்வகையே. கான்ஜுகேட் என்னும் புதிய வகையின் பாதுகாப்பு கூடுதல் காலம் நிலைக்கும். கிருமி தங்குவதையும் குறைக்கக் கூடியது. பழைய வகையின் சான்று 3 ஆண்டுகளுக்கும் புதிய வகையின் சான்று 5 ஆண்டுகளுக்கும் செல்லும். எந்த வகையானாலும் சவூதியை அடைவதற்குக் குறைந்தது 10 நாள்களுக்கு முன் போட்டிருக்க வேண்டும், ஏனெனில் உடலில் எதிர்ப்பாற்றல் உருவாக அவ்வளவு நாள் தேவை. புறப்படுவதற்கு முந்தைய நாள் ஓடிப்போய்ப் போடும் ஊசி விதியையும் நிறைவேற்றாது, உடலையும் காக்காது.

இமாம் மாலிக் அவர்களின் முவத்தாவில் ஒரு செய்தி உள்ளது. தொழுநோயுற்ற ஒரு பெண்மணி கஅபாவைத் தவாஃப் செய்துகொண்டிருந்தார். அவரைக் கண்ட உமர் (ரலி) அவர்கள், மக்களுக்குத் துன்பம் தராமல் வீட்டில் இருந்துகொண்டால் நல்லதே என்று அறிவுறுத்தினார்கள். அப்பெண்மணியும் அதன்படியே வீட்டில் இருந்துகொண்டார். பின்னர், உம்மைத் தடுத்தவர் இறந்துவிட்டார், இனி வெளியே வரலாம் என்று ஒருவர் சொன்னபோது, அவர் உயிரோடிருக்கையில் கட்டுப்பட்டுவிட்டு இறந்த பின் மாறுசெய்பவள் நான் இல்லை என்று மறுத்துவிட்டார். கேட்பவர் இல்லாதபோதும் விதியைப் பேணிய அந்தப் பெண்மணி எங்கே, கேட்பவர் இல்லை என்பதற்காகவே விதியை மீறும் நாம் எங்கே? அவர் தவாஃபையே விட்டுக்கொடுத்தார். நம்மிடம் கேட்கப்படுவது கையில் ஓர் ஊசி மட்டுமே.

நோயை மறைத்துச் செல்வோர்

உடல்நல ஆயத்தம் ஊசியோடு முடிவதில்லை. நெஞ்சுவலியையும் சிறுநீரகக் கோளாறையும் மறைத்து உடற்தகுதிச் சான்று பெறுவோர் நம்மிடையே உண்டு. "மக்காவிலேயே மௌத்தானால் பாக்கியம்தானே" என்று பெரியவர்கள் சொல்லும்போது பிள்ளைகள் வாயடைத்துப் போகிறார்கள். அரஃபாவில் வாகனத்திலிருந்து விழுந்து இறந்த நபித்தோழரை அவருடைய இஹ்ராம் ஆடையிலேயே கஃபனிடச் சொன்ன நபி (ஸல்) அவர்கள், அவர் மறுமையில் தல்பியா சொன்னவராக எழுப்பப்படுவார் என்று நற்செய்தி கூறினார்கள். அது உண்மையே. ஆனால் அத்தோழர் விழ வேண்டுமென்று ஒட்டகத்தில் ஏறவில்லை. உங்கள் கைகளாலேயே உங்களை அழிவில் போட்டுக்கொள்ளாதீர்கள் என்ற கருத்துடைய 2:195 வசனம் ஹரமின் எல்லைக்குள்ளும் செல்லும்.

2024 ஹஜ்ஜை நாம் அதற்குள் மறந்துவிடலாகாது. ஜூன் 17 அன்று மஸ்ஜிதுல் ஹராமில் வெப்பம் 51.8 டிகிரி செல்சியஸைத் தொட்டது. அவ்வாண்டு 1,301 ஹாஜிகள் இறந்ததாக சவூதி அரசு அறிவித்தது. அவர்களில் 83 சதவீதம் பேர் அனுமதி இல்லாமல் வந்து, நிழலும் தங்குமிடமும் இன்றி நெடுந்தொலைவு வெயிலில் நடந்தவர்கள். இந்தியர்கள் 98 பேர் உயிரிழந்ததாக நம் வெளியுறவு அமைச்சகம் கூறியது. குறுக்குவழி மலிவாக இருக்கும். அதன் முழு விலையைச் செலுத்தியது அந்தக் குடும்பங்கள்.

இயன்றவருக்கே ஹஜ் கடமை என்று 3:97 வசனம் சொல்வதில் உடலின் ஆற்றலும் அடங்கும். வாகனத்தில் நிமிர்ந்து அமரவும் இயலாத தம் முதிய தந்தைக்காகத் தாம் ஹஜ் செய்யலாமா என்று கஸ்அம் குலத்துப் பெண்மணி ஒருவர் கேட்டபோது, நபி (ஸல்) அவர்கள் ஆம் என்றார்கள். பதில் ஹஜ் என்னும் வாசல் அதற்காகவே திறந்திருக்கிறது. மருத்துவர் கூடாது என்று சொன்ன தந்தையை இழுத்துச் செல்வதைவிட, அவருக்காகப் பிள்ளை சென்று வருவதே மார்க்கம் காட்டிய வழி.

இஹ்ராமில் வெயிலைத் தாங்கினால்தான் நன்மை என்று எண்ணிக் குடை பிடிக்கவும் கூசுவோர் இருக்கிறார்கள். ஹஜ்ஜத்துல் விதாவில் ஜம்ரத்துல் அகபாவில் கல்லெறியும்வரை, நபி (ஸல்) அவர்கள் மீது வெயில் படாமல் தோழர் ஒருவர் துணியை உயர்த்திப் பிடித்து நிழல் கொடுத்ததை உம்முல் ஹுஸைன் (ரலி) அவர்கள் அறிவித்துள்ளார்கள். முஸ்லிமில் அது பதிவாகியுள்ளது. தலையில் படாத குடைக்கு இஹ்ராமில் தடையில்லை.

யார் என்ன செய்ய வேண்டும்?

குற்றம் சொல்லி ஓய்ந்துவிடுவது நம் நோக்கமன்று. ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு உண்டு.

ஜமாஅத் நிர்வாகிகளே, ஹஜ், உம்ரா விளக்க வகுப்பில் ஒரு முழு அமர்வை மருத்துவருக்கு ஒதுக்குங்கள். பெண்களுக்குத் தனியே ஒரு பெண் மருத்துவர் பேசட்டும். மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரைகளை மருந்துக்கடையில் தாமாகவே வாங்கி உட்கொண்டு அவதிப்படும் சகோதரிகள் பலர். இரத்தக்கட்டு, உயர் இரத்த அழுத்தம் உள்ளோருக்கு அவை ஆபத்தாகலாம். ஆலோசனை பெறாமல் உட்கொள்ளக் கூடாது.

ஆலிம் பெருமக்களே, போலிச் சான்றிதழ் ஹராம் என்பதை மிம்பரிலிருந்து ஒருமுறை தெளிவாகச் சொல்லுங்கள். மருத்துவர்கள் நூறு முறை சொல்வதைவிட உங்கள் ஒரு சொல் நம் மக்களிடம் எடுபடும்.

டிராவல்ஸ் நடத்தும் சகோதரர்களே, உங்களில் நேர்மையாளர்கள் பலர் என்பதை நாம் அறிவோம். இரஹ்மானின் விருந்தினரை அழைத்துச் செல்கிறோம் என்று விளம்பரம் செய்கிறீர்கள். விருந்தினரின் உயிர் உங்களிடம் உள்ள அமானத். முன்பணம் பெறும் நாளிலேயே தடுப்பூசி விவரத்தை எழுதிக் கொடுங்கள். கட்டணத்திலேயே அதைச் சேர்த்துவிட்டாலும் எவரும் குறைப்பட மாட்டார்கள்.

பெற்றோரை அனுப்பும் பிள்ளைகளே, டிக்கெட் எடுத்துக் கொடுப்பதோடு உங்கள் கடமை முடிந்துவிடாது. புறப்படுவதற்கு இரண்டு மாதம் முன்பே அவர்களை மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். இரத்த அழுத்தம், சர்க்கரை, இதயம், சிறுநீரகம் ஆகியவற்றைச் சோதியுங்கள். மூளைக்காய்ச்சல் ஊசியோடு அவ்வாண்டுக்குரிய ஃப்ளூ ஊசியையும், முதியோருக்கு நிமோனியா ஊசியையும் பற்றிக் கேளுங்கள். சவூதி சுகாதார அமைச்சகம் ஆண்டுதோறும் வெளியிடும் விதிகளைப் பாருங்கள். பயண நாள்களுக்கும் கூடுதலாக ஒரு வாரத்துக்கும் சேர்த்து மாத்திரைகளை, மருத்துவரின் சீட்டோடு கைப்பையில் வையுங்கள். பெரிய பெட்டியில் போட்டால் பெட்டி தவறும்போது மருந்தும் தவறும். ஸஃபா, மர்வாவுக்கிடையே ஏழு முறை நடப்பது மட்டுமே மூன்று கிலோமீட்டருக்கு மேல் வரும். எனவே இப்போதிருந்தே ஃபஜ்ருக்குப் பின் தினமும் நடக்கப் பழக்குங்கள். சர்க்கரை நோயாளிகள் வெறுங்காலோடு சூடான தரையில் நடக்கக் கூடாது. உணர்விழந்த பாதத்தில் புண் ஏற்பட்டதே தெரியாமல் போகும்.

பயணிகளே, தலைமுடி மழிக்கும்போது உங்கள் கண்முன் பிரித்த புதிய பிளேடையே அனுமதியுங்கள். மஞ்சள் காமாலைக் கிருமிகள் ஒரே பிளேடில் பரவும். ஜியாரத்தின்போது ஒட்டகப் பண்ணைக்கு அழைத்துச் சென்றால், ஒட்டகத்தோடு நெருங்குவதையும் காய்ச்சாத பாலைக் குடிப்பதையும் தவிருங்கள். 2012இல் சவூதியில் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட மெர்ஸ் நோய் ஒட்டகங்களிடமிருந்து பரவுவது. திரும்பி வந்தபின் இருமலோ காய்ச்சலோ இருந்தால், முஆனகாவையும் குழந்தைகளை முத்தமிடுவதையும் சில நாள்கள் தள்ளிப்போடுங்கள். ஸம்ஸமை ஒரே கோப்பையில் எல்லோருக்கும் புகட்டாமல் தனித்தனிக் கோப்பையில் கொடுங்கள். இரண்டு வாரங்களுக்குள் காய்ச்சல் கண்டால், எங்கே சென்று வந்தீர்கள் என்பதை மருத்துவர் கேட்கும்வரை காத்திராமல் நீங்களே சொல்லுங்கள்.

சகோதர சகோதரிகளே, ஹஜ் மப்ரூரைக் கேட்டு அழும் நாவு, ஊசியைப் பற்றிக் கேட்கும் அதிகாரியிடம் பொய் சொல்லக் கூடாது. இவ்வாண்டு புறப்படவிருப்போர் வீட்டில் இருந்தால், இன்றைக்கே அவர்களிடம் ஊசி போட்டாகிவிட்டதா என்று கேளுங்கள். அட்டை வாங்கியாகிவிட்டது என்று பதில் வந்தால், ஊசி எங்கே போடப்பட்டது என்றும் கேளுங்கள். பத்து நாள் கெடு இன்னும் கடக்கவில்லையெனில் திருத்திக்கொள்ள வழி இருக்கிறது.

தன் வீட்டை நாடிச் செல்வோர் அனைவரையும் அல்லாஹ் நலமோடு கொண்டு சேர்த்து, நலமோடு திருப்பித் தருவானாக. அவர்களால் எவருக்கும் எத்தீங்கும் நேராமல் காப்பானாக. ஆமீன்.